திருமுழுக்குப் பாலுக்கு நான் கை நீட்டிய நாள்

நம் கரட்டு முருகனின் கிருத்திகை வழிபாட்டுக் கூட்டத்து அன்பர்களுக்கு வணக்கம்.

என் பெயரால் ஒரு பொய் நம் ஊர்களில் உலவி வருகிறது. நான் உயிரோடு இருக்கும்போதே அதனை மறுத்துவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். "டீச்சரம்மா பாலை உட்டாங்க, முருகன் காலைக் குடுத்துட்டான்" என்பது அப்பொய். கேட்பதற்கு இனிமையாக இருக்கிறது. சொல்பவர்களும் நல்லவர்கள். அதனால்தான் அஞ்சுகிறேன்.

சென்ற ஆடிக் கிருத்திகையன்று கரட்டின் அடிவாரத்தில் ஓர் இளம்பெண் என் கால்களைத் தொட்டு வணங்கினாள். பெயர் சரசுவதி. மூச்சிளைப்பு நோய்க்காக மூன்றாண்டுகளாக மாத்திரை உண்பவள். இடுப்பில் கைக்குழந்தை இருந்தது.

"நானும் பால் உட்டுட்டனுங்க டீச்சர். தயிரு, மோரு ஒண்ணுந் தொடறதில்லீங்க. வருசம் ஒண்ணாச்சு. உங்களுக்கு எரங்குன சாமி எனக்கு எரங்காதுங்களா?"

என்ன மாத்திரை என்று கேட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். நான் ஆண்டுக்கணக்கில் உண்ட அதே ஸ்டீராய்டு மாத்திரை. மருத்துவரைப் பார்த்துவிட்டு வா என்று அவளை அனுப்பினேன்.

முருகன் என் வேண்டுதலுக்கு விடையளித்தான். அதில் எனக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் நான் பாலை விட்டதற்கு மகிழ்ந்து அவன் என் நோயைத் தீர்த்தான் என்பது உண்மையன்று. நோய் தீரவில்லை. இதை எழுதும் இந்த 1989ஆம் ஆண்டிலும் அது என்னோடுதான் இருக்கிறது. நடந்தது வேறு. அதனை நடந்தவாறே சொல்கிறேன்.

நாமகிரிப்பேட்டையை அடுத்த சிற்றூரில் ஒரு வேளாண் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள் நான். என் கணவர் கந்தசாமி உழவர். அவருடைய தமக்கை நாச்சம்மாள் கணவரை இழந்தபின் எங்களோடு இருப்பவர்; நான் அவரை நங்கையா என்று அழைப்பேன். நான் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை.

1974ஆம் ஆண்டு பங்குனியில், எனக்கு நாற்பத்தொரு வயது நடந்துகொண்டிருந்தபோது, கரும்பலகையில் நானே எழுதிய எழுத்து என் வலக்கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று. சில கிழமைகளில் பார்வை மீண்டது. மறு ஆண்டு இடக்கால் மரத்தது. செருப்பொன்று வழியில் கழன்று விழுந்ததை அறியாமல் வகுப்பு வரை நடந்து சென்றேன். மாணவிகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெயில் ஏறினால் அக்கால் ஈரத்துணிபோல் துவண்டது. குளிர்ந்த நீரில் நனைத்தால் சற்றே உயிர் வந்தது.

பார்க்காத மருத்துவம் இல்லை. கழிக்காத கழிப்பு இல்லை. 1976ஆம் ஆண்டில் சென்னைக்குச் சென்றோம். முதுகுத் தண்டில் ஊசியிட்டு நீர் எடுத்துப் பார்த்தார்கள். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளின் மேலுறை ஆங்காங்கே சிதைந்து வடுப்படும் நோய் என்றார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பது அதன் பெயர். வரும், தணியும், மீண்டும் வரும் என்று அம்மருத்துவர் தெளிவாகவே சொன்னார். முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லை என்றும் சொன்னார். நோய் சீறாமல் அடக்கிவைப்பதற்கு நாள்தோறும் உண்ண ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தந்தார். தணியும் என்று அவர் சொன்னதை மட்டும் நான் மறந்தேன். அம்மறதிதான் பின்னர் நேர்ந்த பிழைக்கெல்லாம் முதல்.

பெரிய வேண்டுதலென்றால் தமக்கு மிக உவப்பான உணவொன்றை முருகனுக்கென்று விட்டுக்கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். சிலர் வெல்லத்தை விடுவார்கள். சிலர் வெற்றிலையை விடுவார்கள். எனக்குப் பாலும் தயிருமே உணவு. எங்கள் வீட்டு எருமைத் தயிரைக் கத்தியால்தான் வெட்ட வேண்டும் என்று என் கணவர் வேடிக்கையாகச் சொல்வார். 1977ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று கரட்டுக் கோயிலில் எரியும் கற்பூரத்தின் முன் நின்று, என் நடை எனக்குத் திரும்பும்வரை பாலும் பாலிலிருந்து வரும் எதுவும் தொடேன் என்று உறுதி சொன்னேன். எங்கள் எருமையின் காலைப் பால் கிருத்திகைதோறும் கரட்டுக்குப் போகும் என்றும் சொன்னேன்.

அன்றிலிருந்து பூசைப் பண்டாரம் திருமுழுக்குப் பாலை எல்லார் கையிலும் ஊற்றி வரும்போது என்னை மட்டும் கடந்து செல்வார். "டீச்சரம்மாளுக்குத் திருநீறு மட்டுந்தானுங்க" என்று அருகிலிருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்வார். அது என் காதுக்கு இனித்தது. என் நோன்பின் கடுமையைப் பிறர் வியந்து பேச வேண்டும் என்று நான் விரும்பினேன். இதனை மறைத்தால் இச்சாட்சிக்குப் பொருளில்லை.

அவ்வாண்டு ஆவணியில் கால் ஓரளவு திரும்பியது. ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. மறு ஆண்டு மீண்டும் துவண்டது. நோன்பில் எங்கோ குறை நேர்ந்துவிட்டது என்று முடிவு செய்து நெய் பட்ட பலகாரத்தையும் விட்டேன். மீண்டும் தணிந்தது. நோய் தன் போக்கில் வந்து போய்க்கொண்டிருந்தது. நான் அதன் ஒவ்வோர் அடிக்கும் என் நோன்பைக் காரணமாக்கிக்கொண்டிருந்தேன்.

வெப்பம் ஆகாதென்பதால் வெயிலையும் விட்டேன். என் கணவர் அறையின் சாளரங்களில் நனைத்த சாக்குகளைக் கட்டித் தொங்கவிட்டார். பள்ளிக்குக் கூண்டு வண்டியில் சென்று கூண்டு வண்டியில் திரும்பினேன். வகுப்பில் நாற்காலியை விட்டு எழுவதில்லை. வீட்டில் கட்டில். நான்கு ஆண்டுகளில் கதிரொளி என் தோலில் பட்ட நாள்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லாரும் அன்பினால்தான் செய்தார்கள். "நிக்காத அம்மிணி, காலுக்கு ஆகாது" என்று நங்கையா ஓடி வந்து முக்காலி போடுவார். நானும் அமர்ந்தேன்.

1980ஆம் ஆண்டில் ஒரு நாள் நங்கையா என்னைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏனம்மிணி, சேலை தரையக் கூட்டுது. கொசுவத்தை ஏத்திக் கட்டக்கூடாதா?"

"எப்பவுங் கட்டறாப்பலதானுங்க கட்டியிருக்கறேன்."

"அப்பச் சேலை வளந்துருச்சாக்கும்!"

சிரித்தோம். முதுகு வலித்தது. அதையும் நரம்பு நோயின் கணக்கிலேயே சேர்த்தேன். வளர்ந்தது சேலையன்று, நான்தான் குறைந்துகொண்டிருந்தேன் என்பது எங்கள் மூவரில் எவருக்கும் தோன்றவில்லை.

1981ஆம் ஆண்டு ஐப்பசியில், ஒரு முற்பகலில் கட்டிலிலிருந்து எழ முயன்றபோது கால் மடங்கித் தரையில் அமர்ந்துவிட்டேன். விழுந்தேன் என்று சொல்லும் அளவுக்குக்கூட அது பெரிதன்று. இடக்கையை ஊன்றினேன். காய்ந்த சுள்ளி முறிவதுபோல் ஓர் ஓசை கேட்டது. வலி அதன் பிறகுதான் வந்தது.

கட்டு வைத்தியர் மாரப்பரை அழைத்து வந்தார்கள். எங்கள் வட்டாரத்தில் மாட்டுக்கும் மனிதர்க்கும் நாற்பது ஆண்டுகளாக எலும்பு கட்டியவர் அவர். என் முன்கையை இரு விரல்களால் தடவிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். பிறகு மற்றக் கையையும் தடவினார். மூங்கில் பட்டைகளை எடுத்தவர் மீண்டும் பைக்குள் வைத்தார்.

"எத்தனை உசரத்துலருந்து உழுந்தீங்க?"

"கட்டில் உயரந்தானுங்க."

"கட்டல்லருந்து உழுந்து ஒடையற கை இல்லீங்களே இது. நல்லாருக்கற கையும் பஞ்சாட்டம் இருக்குது. பாலு கீலு குடிக்கறீங்களா இல்லையா?"

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நங்கையா பெருமையோடு, "அவ பாலை முருகனுக்கு உட்டு நாலு வருசமாச்சு" என்றார்.

மாரப்பர் என்னையே பார்த்தார். "முருகன் கேட்டானுங்களா?" என்றார். பையிலிருந்து துணிச்சுருளை எடுத்தார். "நான் மேலாக்க ஒரு கட்டுப் போட்டுடறேன். ஆனா இது என்ற கட்டுக்கு நிக்காதுங்க. சேலத்துக்குப் போயி போட்டோப் புடிச்சுப் பாருங்க. அழுவாத சாமி, கை கூடிரும். மிச்சமிருக்கற எலும்பத்தான் காபந்து பண்ணோணும்."

தொழிலில் தனக்கு எட்டாததை எட்டாது என்று சொல்லத் துணிந்தவர் அவர். என்னைக் காத்தவர்களுள் அவரையே முதலில் வைக்கிறேன்.

சேலத்தில் எலும்பு மருத்துவர் ஒருவர் கையையும் முதுகையும் ஊடுகதிர்ப் படம் எடுத்தார். படத்தைச் சாளரத்தில் ஒட்டினாற்போல் பிடித்தார். எலும்பு வெள்ளையாகத் தெரிய வேண்டிய இடத்தில் பின்னாலிருந்த வேப்பமரமே தெரிவதுபோல் எனக்குப் பட்டது. முள்ளெலும்புகளில் இரண்டு அமிழ்ந்து சப்பையாகியிருந்தன. சேலை தரையைக் கூட்டியதன் காரணம் அங்கே இருந்தது.

"டீச்சர், உங்க நரம்பு வியாதி ஒண்ணு. இது வேற ஒண்ணு. நரம்பு வியாதி வந்து எலும்பைத் தின்னுடலை. நீங்க நிக்கறதில்லை, நடக்கறதில்லை. வேலை இல்லாத எலும்பு கரைஞ்சுரும். இந்த மாத்திரையும் வருஷக்கணக்காச் சாப்பிட்டா எலும்பை அரிக்கும். வெயில் மேல படறதில்லை. பால் இல்லை. அப்புறம் எலும்பு எதை வச்சு நிக்கும்?"

"இனி என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"கை கூடிரும். ஆனா உங்க கால் மடங்கற கால். திரும்ப விழுவீங்க. அடுத்தது இடுப்பெலும்பு. உங்க நிலைமைல இடுப்பு போச்சுன்னா எழுந்திருக்கறது ரொம்பக் கஷ்டம்."

அவர் மூன்று சொன்னார். பிடிமானம் வைத்துக்கொண்டு நாள்தோறும் நிற்க வேண்டும். வெப்பம் ஏறுவதற்கு முன் இளவெயிலில் இருக்க வேண்டும். பாலும் கேழ்வரகும் கீரையும் உண்டு சுண்ணச்சத்து மாத்திரையும் எடுக்க வேண்டும். ஸ்டீராய்டை நானாக நிறுத்தினால் உயிருக்கே கேடு என்று எச்சரித்து, மெல்லக் குறைப்பதற்குச் சென்னை மருத்துவருக்கு மடல் எழுதித் தந்தார்.

பால் குடிக்க இயலாது, வேண்டுதல் என்றேன். அவர் சினக்கவில்லை. "சாமிகிட்டச் சொல்லி மாத்திக்க வழியிருக்கான்னு பாருங்க" என்று மட்டும் சொன்னார்.

வீட்டில் நங்கையா ஒரே சொல்லில் முடித்தார்.

"வாக்கு வாக்குத்தான். சாமிகிட்ட உட்டதைத் திரும்பத் தொட்டாக் குத்தமாயிரும்."

"அக்கா, அவ எலும்பே போயிருச்சாம்" என்றார் என் கணவர்.

"எலும்பு போனாக் கட்டலாம்டா. சாமி போனா?"

நங்கையாவின் மேல் எனக்குச் சினம் இல்லை. அவர் சொன்னதே என் நெஞ்சிலும் இருந்தது. நிற்பதற்கும் வெயிலுக்கும் இசைந்தேன். பாலுக்கு மட்டும் மனம் இசையவில்லை. தந்த சொல்லை மீறினால் நான் யார்? மீறாவிட்டால் இடுப்பு முறிந்து, ஒரு கட்டிலுக்குள் முடிந்துபோகும் நான் யார்? இரண்டு மாதங்கள் இந்த ஓரிடத்திலேயே சுழன்றேன். மனம் அவ்வளவு வறண்டு கிடந்த காலம் என் வாழ்வில் வேறில்லை.

மார்கழியில் ஒரு காலை வீட்டில் எவரும் இல்லாதபோது முருகன் படத்தின் முன் அமர்ந்து அவனோடு சண்டையிட்டேன். வணங்கினேன் என்று எழுதினால் பொய்யாகும். நீயே எடுத்துக்கொள்வதற்கென்றா என் முதுகெலும்பை வளர்த்தாய் என்று கேட்டேன். ஐந்தாண்டுகளாக உன் தலையில் விழும் பால் உனக்கு எதற்கு, உனக்கு எலும்பு தேயுமா என்று கேட்டேன். பிறகு அழுகை வந்தது. அழுகைக்குப் பின் வேண்டுதல் வந்தது. அவ்வேண்டுதலை இன்றும் சொல் மாறாமல் நினைவில் வைத்திருக்கிறேன்: நோயைத் தீர்க்க வேண்டாம். விழாமல் காக்கவும் வேண்டாம். நான் விழத்தான் போகிறேன். விழுந்தால் முறியாமல் எழுந்திருக்க விடு.

1982ஆம் ஆண்டு தைக் கிருத்திகையன்று பூ வைத்து ஒப்புதல் கேட்பது என்று முடிவாயிற்று. நாற்காலியில் கழிகளைக் கட்டி என் கணவரும் பக்கத்துத் தோட்டத்தார் மூவரும் என்னைக் கரட்டின் மேல் தூக்கிச் சென்றார்கள். திருமுழுக்கு முடிந்ததும் பண்டாரம் ஈர அரளிப்பூ ஒன்றை முருகனின் முடியில் ஒட்டவைத்தார். வலப்பக்கம் விழுந்தால் ஒப்புதல். இடப்பக்கம் விழுந்தால் மறுப்பு. நோன்பை முடித்துக்கொள்ளலாமா என்று என் சார்பில் உரக்கக் கேட்டார்.

அமர்ந்துகொண்டு கேட்பதற்கு எனக்கு மனமில்லை. வலத்தோளைக் கல்தூணில் சாய்த்து எழுந்து நின்றேன்.

பூ விழவில்லை.

ஒரு பாடலைப் பாடி முடித்தார்கள். விழவில்லை. இரண்டாவது பாடலும் முடிந்தது. ஒரு பக்கம் படித்து முடிக்கும் நேரத்துக்கு மேல் நான் தொடர்ந்து நின்று நான்காண்டுகள் ஆகியிருந்தன. தொடைகள் நடுங்கின. வியர்வை புருவத்தில் இறங்கியது.

"உக்காரு அம்மிணி" என்றார் நங்கையா. "சாமி முன்னால உழுந்து வெச்சீன்னா இடுப்பும் போயிரும்."

"நான் நிக்கறனுங்க நங்கையா. அவனும் நிக்கறானில்ல?"

"கேட்டியா இவ பேச்சை! சாமியோட போட்டியாமா!"

பண்டாரம் கைகளைப் பிசைந்தார். "சாமி இன்னைக்கு வாய் தொறக்கலீங்க. அடுத்த கிருத்திகைக்குப் பாக்கலாமுங்களா?" என்று சொல்லிவிட்டு, வழக்கம்போல் செம்பை எடுத்துத் திருமுழுக்குப் பாலை ஒவ்வொருவர் கையிலும் ஊற்றத் தொடங்கினார். என்னருகே வந்தார். வழக்கம்போல் கடந்தார்.

நான் கையை நீட்டினேன்.

"ஊத்துங்க பண்டாரம்."

"உங்களுக்குத் திருநீறுதானுங்களே டீச்சர்?"

"இந்தப் பாலு ஆரோடது?"

"உங்கூட்டு எருமைப் பாலுதானுங்க. காலைல நம்ம கந்தசாமிதான் கொண்டாந்து குடுத்தாரு."

பின்னால் சிலர் சிரித்தார்கள்.

"சாமி தலைல ஊத்துன பொறவும் எங்கூட்டுப் பாலுங்களா?"

அவர் சற்று எண்ணிப் பார்த்தார். "அதெப்புடிங்க? ஊத்திட்டாச் சாமியோடதுங்க."

"நான் உட்டது என்ற பாலை. இது அவன் பாலு. அவன் குடுக்கறான். அதை வேண்டாங்கறதுக்கு நான் ஆருங்க?"

"அடியாத்தா!" என்றார் நங்கையா. "கருவறைக்கு முன்னால நின்னுக்கிட்டு வக்கீலாட்டம் பேசறாளே!"

பண்டாரம் திணறினார். "பேச்சு நாயமாத்தானுங்க இருக்குது. ஆனா உத்தரவு வரலீங்களே, அந்தப் பூவு இன்னும்…" என்று முருகனின் முடியைக் காட்டத் திரும்பினார்.

முடியில் பூ இல்லை.

நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது விழுந்திருக்கிறது. பாலோடு பாலாகக் கோமுகி வழியே வழிந்து வெளியே போய்விட்டிருக்கிறது. எந்தப் பக்கம் விழுந்தது என்பதை அங்கிருந்தவர்களில் ஒருவரும் காணவில்லை. எல்லாரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எடப்பக்கந்தான் உழுந்திருக்கும்" என்றார் நங்கையா.

"வலப்பக்கமாட்டத்தான் தெரிஞ்சுதுங்க" என்றார் பண்டாரம்.

"நீ பாத்தியா?"

"பாக்கலீங்க."

"நானும் பாக்கல."

என் கணவர் முன்னால் வந்தார். "உழுந்திருச்சல்லோ, அப்பறம் என்ன? அவ எத்தனை நேரமாக் கைய நீட்டிக்கிட்டு நிக்கறா. ஊத்துங்க பண்டாரம்."

அவர் ஊற்றினார். சந்தனமும் திருநீறும் கலந்த, செப்பின் மணம் ஏறிய அரைக்கைப் பால். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நான் குடித்த பால் அது. மோவாயில் வழிந்ததை நங்கையாதான் தம் முந்தானையால் துடைத்தார். "ஆச்சா? இப்பவாச்சும் உக்காந்து தொலை" என்றார். அவர் கண்களில் நீர் இருந்தது. அமர்ந்தேன்.

அவ்வளவு நேரம் என்னால் நிற்க முடிந்தது என்பதை நாற்காலியில் அமர்ந்த பிறகே உணர்ந்தேன். எழுந்திருக்க விடு என்று கேட்டதற்கு விடை வரத் தொடங்கிவிட்டதை நான் அறியாமலே நின்றிருக்கிறேன்.

மறுநாள் காலை நங்கையா ஒரு செம்புப் பாலை வீட்டிலிருந்த முருகன் படத்தின் முன் வைத்தார். கற்பூரம் காட்டினார். கண்மூடி நின்றார். பிறகு செம்பை என் கையில் கொடுத்தார்.

"சாமி குடிச்சிருச்சு. மிச்சம் உனக்கு. கீழ சிந்தாமக் குடி."

அன்றிலிருந்து இன்றுவரை ஒரு நாளும் தவறியதில்லை. என் சொல்லும் தவறவில்லை. என் பாலை நான் குடிப்பதில்லை.

பின்னர் வந்தவை எளியவை, ஆனால் நீண்டவை. என் கணவர் முற்றத்தில் இடுப்புயரத்தில் இரண்டு மூங்கில்களை இணையாகக் கட்டினார். கதிரவன் எழுந்து சிறிது நேரத்திற்குள், தலையில் ஈரத்துண்டோடு அவற்றைப் பிடித்து நிற்பேன். கால் துவளத் தொடங்கினால் நிழலுக்குப் போவேன். முதல் மாதம் ஏழெட்டு நிமிடம். கார்த்திகைக்குள் அரைமணி. முறிந்த கை தேறியபின், உயரமான பலகையொன்றைச் சுவரில் பொருத்தச் செய்து, மாணவிகளின் கட்டுரை ஏடுகளை நின்றபடியே திருத்தினேன். அவ்வாண்டு அவர்களுக்கு மதிப்பெண் குறைந்ததற்குக் கால்வலியே காரணம் என்று பள்ளியில் ஒரு பேச்சு இருந்தது. அதனையும் இங்கே மறுக்கிறேன். பகலில் கேழ்வரகுக் களியும் முருங்கைக் கீரையும் உண்டேன். சென்னை மருத்துவர் சொன்ன அளவில் மாத்திரை மெல்ல மெல்லக் குறைந்தது. 1983ஆம் ஆண்டில் கோலூன்றி வகுப்புக்குள் நடந்தேன்.

நோய் சும்மா இருக்கவில்லை. 1984ஆம் ஆண்டு மீண்டும் சீறி, வலக்கண்ணின் பார்வையில் பெரும்பகுதியைக் கொண்டுபோயிற்று. எடுத்துக்கொள், எலும்பைத் தரமாட்டேன் என்றேன். நோயிடம் அப்படிப் பேசும் துணிவை எனக்குத் தந்தவன் முருகனே.

1986ஆம் ஆண்டு ஆடியில், பள்ளியின் காலை வழிபாட்டின்போது, எல்லா மாணவிகளும் பார்த்திருக்க, மேடைப் படியில் என் இடக்கால் மடங்கியது. மூன்று படிகள். இடது இடுப்பின் மேல் முழு எடையோடு விழுந்தேன். வாழ்த்துப்பா பாதியில் நின்றது. தரையில் கிடந்தபடியே செவியைக் கூர்மையாக்கிக் கொண்டேன். சுள்ளி முறியும் அவ்வோசைக்காகக் காத்திருந்தேன்.

வரவில்லை.

இரண்டு ஆசிரியைகள் கை கொடுத்தார்கள். எழுந்தேன். நின்றேன். பாடலைத் தொடரச் சொன்னேன்.

அன்று சேலத்தில் எடுத்த படத்தில் முறிவு இல்லை. மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் அடுத்தடுத்துப் பிடித்துப் பார்த்து, அமிழ்ந்த முள்ளெலும்புகள் நிமிரவில்லை, நிமிரவும் மாட்டா, ஆனால் புதிதாக ஒன்றும் அமிழவில்லை என்றார். வீட்டு வாயிலில் நங்கையா காத்திருந்தார்.

"ஒடஞ்சுதா?"

"இல்லீங்க நங்கையா."

"ஒண்ணுமே ஒடயலையா?"

"செருப்பு வாரு அந்துபோச்சுங்க."

அவர் கரடு இருக்கும் திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு என்னைத் திட்டத் தொடங்கினார்.

விழுந்தால் முறியாமல் எழுந்திருக்க விடு என்று கேட்டேன். விழுந்தேன். முறியவில்லை. எழுந்தேன். இதுவே என் சாட்சி. இதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்க எனக்கு உரிமையில்லை, சேர்ப்பவர்களுக்கும் உரிமையில்லை.

அன்பர்களே, முருகனை நம்புங்கள். என் வாழ்வு முழுவதையும் ஈடாக வைத்து இதைச் சொல்கிறேன். அவனோடு சண்டையிடுங்கள், அவன் தாங்குவான். ஆனால் உங்கள் எலும்பை அவனுக்குப் படைக்காதீர்கள். அவன் கேட்கவில்லை. நீண்ட நாள் மாத்திரை உண்பவர்களும், நரம்பு தளர்ந்து அமர்ந்தே இருப்பவர்களும் உங்கள் எலும்பின் நிலையை மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிற்க முடிந்த அளவு நில்லுங்கள். எனக்கு ஒத்துக்கொண்ட அளவே உங்களுக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நான் சொல்லவில்லை.

சரசுவதி அடுத்த கிருத்திகைக்கும் வந்தாள். மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பண்டாரம் பால் செம்போடு அவளைக் கடந்து செல்ல முற்பட்டபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவளே கையை நீட்டினாள்.

இவ்வரலாற்றை நினைவிலிருந்து எழுதியுள்ளேன். ஆண்டிலோ மாதத்திலோ, அன்று கோயிலில் இருந்தவர்களின் பேச்சிலோ பிழை இருந்தால், அறிந்தவர்கள் எனக்கு எழுதித் திருத்த வேண்டுகிறேன். மருத்துவச் செய்திகளில் பிழை இருந்தால் மருத்துவம் கற்றவர்கள் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள். அரளிப்பூ எப்பக்கம் விழுந்தது என்பதை அன்று எவரேனும் கண்டிருந்தால் அதனையும் எழுதுங்கள். நன்றியோடு இதில் சேர்த்துவிடுகிறேன். இடப்பக்கம் என்று எழுதினாலும் சேர்ப்பேன். ஆனால் மறுநாள் காலையிலும் நங்கையா தரும் செம்புக்குக் கை நீட்டத்தான் போகிறேன்.